கோப்பு மாணவருடையது, வழக்கு போடும் உரிமை யாருடையது? கொன்ஸாகா வழக்கு ஓர் ஆய்வு

1993 அக்டோபர். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஸ்போக்கேன் நகரில் உள்ள கொன்ஸாகா பல்கலைக்கழகத்தில் ஓர் இளைஞர் இளங்கலை படித்துக்கொண்டிருந்தார். பட்டம் வாங்கியதும் அதே மாநிலத்தில் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியராகச் சேர வேண்டும் என்பது அவர் திட்டம். நீதிமன்ற ஆவணங்களில் அவர் பெயர் 'ஜான் டோ'. சொந்தப் பெயரை வெளியிட முடியாத வழக்குகளில் அங்கே வழக்கமாக வைக்கும் பெயர் அது.

அந்த மாநிலத்தில் புதிதாக ஆசிரியராகும் ஒவ்வொருவரும் அப்போது ஒரு காகிதம் காட்ட வேண்டியிருந்தது. தான் பட்டம் பெற்ற கல்லூரியின் டீன் கையெழுத்திட்ட நன்னடத்தைப் பிரமாணப் பத்திரம். அது இல்லாவிட்டால் ஆசிரியர் சான்றிதழ் இல்லை, சான்றிதழ் இல்லாவிட்டால் வேலையும் இல்லை. நாலு வருடப் படிப்பும் தேர்வுகளும் பயிற்சியும் கடைசியில் ஒரே ஒரு கையெழுத்தில் வந்து நின்றன.

பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் சான்றிதழ் வேலைகளைக் கவனித்து வந்த அலுவலர் ஒருவர், ஒரு மாணவி இன்னொருவரிடம் பேசியதைத் தற்செயலாகக் கேட்டார். ஜான் டோ, சக மாணவி ஒருவரிடம் பாலியல் ரீதியாகத் தவறாக நடந்துகொண்டதாக அந்தப் பேச்சில் வந்தது. அலுவலர் விசாரிக்கத் தொடங்கினார். ஆசிரியர் சான்றிதழ் வழங்கும் மாநில அரசு அமைப்பைத் தொடர்புகொண்டு, மாணவரின் பெயரைச் சொல்லி, குற்றச்சாட்டைப் பற்றியும் பேசினார்.

மாணவருக்கு இது எதுவும் தெரியாது. 1994 மார்ச்சில் அவரைக் கூப்பிட்டு, பிரமாணப் பத்திரம் தர மாட்டோம் என்று சொன்னபோதுதான், தன்மேல் ஒரு விசாரணை நடந்ததும் தன் பெயர் அரசு அலுவலகம் வரை போய்விட்டதும் அவருக்குத் தெரியவந்தது.

இந்த வழக்கைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு நேராகத் தாவிவிடுகிறார்கள். எனக்கு அந்த இடைப்பட்ட மாதங்கள்தான் முக்கியம். பாலியல் புகார் என்று ஒன்று காதில் விழுந்தால் கல்லூரி அதைப் புறந்தள்ளக் கூடாது. விசாரிக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் விசாரணை என்றால் இரண்டு பக்கமும் கேட்பது. ஒருவருடைய பெயர் வெளியாருக்குப் போய்ச் சேர்ந்து, வாழ்க்கையையே திருப்பிப்போடும் முடிவு எடுக்கப்படும் வரைக்கும் அவருக்கு மட்டும் விஷயம் தெரியாது என்றால், அந்த விசாரணையில் ஒரு பக்கம் இல்லவே இல்லை. குற்றச்சாட்டு உண்மையா பொய்யா என்பது உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொண்ட கேள்வி அல்ல. இந்தக் கட்டுரையும் அதற்குள் போகவில்லை.

1974-இன் சட்டம்

அமெரிக்கக் கல்லூரியில் படிக்கும் எவரும் ஃபெர்பா என்ற சொல்லைக் கேட்டிருப்பார்கள். குடும்பக் கல்வி உரிமைகள் மற்றும் தனியுரிமைச் சட்டம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. செனட்டர் ஜேம்ஸ் பக்லி கொண்டுவந்த திருத்தம் என்பதால் 'பக்லி திருத்தம்' என்றும் சொல்வார்கள். 1974 ஆகஸ்ட் 21 அன்று ஜனாதிபதி ஃபோர்டு கையெழுத்திட்ட பெரிய கல்விச் சட்டத்தில் ஒரு பகுதியாக இது வந்தது. குழு விசாரணை எதுவும் இல்லாமல் நேரே செனட் அவையில் வைத்த திருத்தம் என்பதால் சொற்களில் நிறைய ஓட்டைகள் இருந்தன. அந்த வருடம் முடிவதற்குள்ளேயே காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) மறுபடி உட்கார்ந்து சரிசெய்ய வேண்டியதாயிற்று.

சட்டம் தருவது மூன்று விஷயங்கள். தன் கல்விப் பதிவேட்டைப் பார்க்கலாம். கேட்ட நாளிலிருந்து 45 நாளுக்குள் கல்லூரி காட்டியாக வேண்டும். அதில் தவறோ திரிபோ இருந்தால் திருத்தச் சொல்லலாம். கல்லூரி மறுத்தால் முறையான விசாரணை கேட்கலாம், அதிலும் தோற்றால் தன் தரப்பை எழுதிக் கோப்பிலேயே சேர்க்கலாம். மூன்றாவது, தன் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் அந்தப் பதிவேட்டிலிருந்து தன்னை அடையாளம் காட்டும் தகவல் வெளியே போகக் கூடாது என்று சொல்லலாம். பள்ளிக்கூடத்தில் இந்த உரிமைகள் பெற்றோரிடம் இருக்கும். மாணவருக்கு 18 வயது ஆனதும், அல்லது எந்த வயதானாலும் கல்லூரியில் சேர்ந்ததும், மாணவரிடம் வந்துவிடும்.

பதிவேடு என்றால் மதிப்பெண் பட்டியல் மட்டும் இல்லை. மாணவரோடு நேரடியாகத் தொடர்புடைய தகவல் கொண்ட, கல்லூரியோ அதன் சார்பில் ஒருவரோ வைத்திருக்கும் எந்த ஆவணமும் பதிவேடுதான். ஒழுங்கு நடவடிக்கைக் கோப்பு, கட்டண விவரம், மின்னஞ்சல் எல்லாம் அதில் அடங்கும். விதிவிலக்குகளும் உண்டு. ஒரு பேராசிரியர் தன் நினைவுக்காக மட்டும் எழுதி வைத்து வேறு யாருக்கும் காட்டாத குறிப்பு பதிவேடு ஆகாது. வளாகக் காவல் பிரிவு சட்டம் ஒழுங்குக்காகத் தயாரித்து வைத்திருக்கும் ஆவணம் ஆகாது. சிகிச்சைக்காக மட்டும் வைத்திருக்கும் மருத்துவக் குறிப்பும் ஆகாது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒருவர் காதால் கேட்டதோ கண்ணால் பார்த்ததோ பதிவேடு அல்ல. அந்த அலுவலர் கேட்ட பேச்சு அப்படியே வாய்மொழியாக நின்றிருந்தால் ஃபெர்பா அதைத் தொட்டிருக்குமா என்பதே கேள்விக்குரியது. விசாரணை என்று தொடங்கி, எழுதி, கோப்பாக வைத்துக்கொள்ளும்போது அது பதிவேடாக மாறுகிறது. கல்லூரி வதந்தியைக் கோப்பாக்கும் அந்தக் கணத்தில்தான் மாணவரின் உரிமையும் பிறக்கிறது.

வழக்கு போன பாதை

ஜான் டோ பல்கலைக்கழகத்தின் மீதும் அந்த அலுவலர் மீதும் மாநில நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். அவதூறு, ஒப்பந்த மீறல் போன்ற மாநிலச் சட்டக் கோரிக்கைகள் ஒரு பக்கம். ஃபெர்பா தந்த உரிமையைப் பறித்துவிட்டார்கள் என்ற கோரிக்கை இன்னொரு பக்கம். ஜூரி எல்லாக் கோரிக்கைகளிலும் அவருக்கே சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. மொத்தம் 11,55,000 டாலர். அதில் ஃபெர்பா மீறலுக்காக மட்டும் 1,50,000 டாலர் நஷ்டஈடு, அதற்கு மேல் தண்டனையாக 3,00,000 டாலர்.

ஃபெர்பா சட்டத்திலேயே 'பாதிக்கப்பட்டவர் நீதிமன்றம் போகலாம்' என்று ஒரு வரி கிடையாது. அப்படியானால் எந்த வழியில் போனார்? பிரிவு 1983 என்ற பழைய சட்டத்தின் வழியாக (1983 என்பது ஆண்டு அல்ல, பிரிவின் எண்). உள்நாட்டுப் போருக்குப் பிறகு, கு க்ளக்ஸ் க்ளான் கும்பலின் அட்டூழியங்களைத் தடுக்க 1871-இல் இயற்றப்பட்டது அது. மாநில அதிகாரத்தின் பெயரால் செயல்படும் ஒருவர், மத்திய அரசியலமைப்போ மத்தியச் சட்டமோ தந்த உரிமையை ஒருவரிடமிருந்து பறித்தால், பாதிக்கப்பட்டவர் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாம்.

கொன்ஸாகா தனியார் பல்கலைக்கழகமாயிற்றே, மாநில அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மாநிலச் சட்டம் கேட்கும் சான்றிதழ் விஷயமாக மாநில அதிகாரிகளிடம் தகவல் சொன்னதால், மாநில அதிகாரத்தின் பெயரால்தான் செயல்பட்டார்கள் என்று வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம் முடிவுசெய்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தக் கேள்வியை விசாரணைக்கு எடுக்கவில்லை. அப்படியே இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டு மேலே போனது.

மாநிலத்துக்குள்ளேயே தீர்ப்புகள் மாறி மாறி வந்தன. மேல்முறையீட்டு நீதிமன்றம் ஃபெர்பா தனிநபர் உரிமை எதையும் தரவில்லை என்றது. மாநில உச்ச நீதிமன்றம் அதைப் புரட்டி, தகவலை வெளியிடக் கூடாது என்ற பகுதி பிரிவு 1983 வழியாக அமல்படுத்தக்கூடிய உரிமைதான் என்றது. பல்கலைக்கழகம் மேலே போனது. உச்ச நீதிமன்றத்தில் பல்கலைக்கழகத்துக்காக வாதாடியவர் ஜான் ராபர்ட்ஸ், 2005-இல் தலைமை நீதிபதி ஆன அதே ராபர்ட்ஸ்தான்.

2002 ஜூன் 20

தீர்ப்பு 7-க்கு 2. தலைமை நீதிபதி ரென்குவிஸ்ட் எழுதினார். ஃபெர்பாவை வைத்து மாணவர் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட முடியாது.

காரணம் முழுக்க சட்டத்தின் வாக்கிய அமைப்பில் இருக்கிறது. இனப் பாகுபாட்டைத் தடுக்கும் 1964 சட்டப் பகுதியைப் பாருங்கள், பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 1972 சட்டத்தைப் பாருங்கள் என்றார் ரென்குவிஸ்ட். இரண்டும் 'எந்த நபரும் பாகுபாட்டுக்கு ஆளாக்கப்படக் கூடாது' என்று மனிதரை முன்னால் வைத்துப் பேசுகின்றன. ஃபெர்பா அப்படிப் பேசவில்லை. மாணவர் பதிவேடுகளைச் சம்மதமின்றி வெளியிடுவதைக் 'கொள்கையாகவோ வழக்கமாகவோ' வைத்திருக்கும் நிறுவனத்துக்கு 'நிதி எதுவும் வழங்கப்படக் கூடாது' என்கிறது. சட்டம் கல்வித் துறைச் செயலரைப் பார்த்துப் பேசுகிறது, மாணவரைப் பார்த்து அல்ல. ஒரு தனி மாணவருக்கு நடந்ததும் இதன் கணக்கில் வராது. நிறுவனத்தின் பொதுவான நடைமுறைதான் கணக்கு. உரிமை என்றால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெளிவாகத் தந்திருக்க வேண்டும், இங்கே அந்தத் தெளிவு இல்லை என்பது அவர் முடிவு.

இன்னொரு காரணமும் சொன்னார். மீறல்களைக் கவனிக்கக் கல்வித் துறையில் தனி அலுவலகம் வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஊருக்கு ஒரு விளக்கம் வந்துவிடக் கூடாது என்பதற்காக, அந்த வேலையை வட்டார அலுவலகங்களிடம் கொடுக்கவே கூடாது என்றும் காங்கிரஸ் சேர்த்தது. அப்படிப்பட்ட காங்கிரஸ், நாடு முழுக்க ஆயிரக்கணக்கான நீதிபதிகள் ஆளுக்கொரு விளக்கம் சொல்லட்டும் என்று நினைத்திருக்குமா என்று கேட்டார்.

இந்த இரண்டாவது காரணத்தில் வலு இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நீதிபதி ப்ரையர், சூட்டருடன் சேர்ந்து எழுதிய தனிக் கருத்தும் இந்தப் பக்கம்தான் போகிறது. ரென்குவிஸ்ட் வைத்த கடுமையான அளவுகோலை அவர்கள் ஏற்கவில்லை. ஆனால் சட்டத்தின் முக்கியச் சொற்கள் மிகப் பரந்தவை, எது மீறல் எது இல்லை என்பது கல்லூரிகளுக்கே தெளிவாகத் தெரியாது, இதை வைத்து நஷ்டஈடு வழக்குகளைத் திறந்துவிட காங்கிரஸ் நினைத்திருக்காது என்று முடிவில் மட்டும் உடன்பட்டார்கள்.

முதல் காரணம்தான் எனக்கு ஒப்பவில்லை. நீதிபதி ஸ்டீவன்ஸ் எழுதி, கின்ஸ்பர்க் சேர்ந்துகொண்ட மாறுபட்ட தீர்ப்பைப் படிக்க வேண்டும். சட்டத்தின் பெயரிலேயே 'உரிமைகள்' இருக்கிறது என்கிறார் அவர். பெற்றோருக்கு 'வழங்கப்பட்ட உரிமைகள்' மாணவருக்கு 18 வயதானதும் மாணவருக்கே வழங்கப்படும் என்று உள்ளேயும் எழுதியிருக்கிறது. உரிமையே இல்லை என்றால் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு எது கைமாறுகிறது? உரிமை இருக்கிறதா என்பது ஒரு கேள்வி, அதை அமல்படுத்த வழக்குப் போடும் வழி இருக்கிறதா என்பது வேறு கேள்வி, பெரும்பான்மை இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது என்பதும் அவர் வாதம்.

பெற்றோர் போன் செய்து மதிப்பெண் கேட்டால் கல்லூரி என்ன சொல்கிறது? "இது மாணவரின் உரிமை, அவர் சம்மதம் வேண்டும்." செய்தியாளர் கேட்டாலும் அதே பதில்தான். அதே கல்லூரி தகவலை வெளியிட்டு மாணவர் நீதிமன்றம் போனால் மட்டும், அது உரிமை அல்ல, அரசு நிதிக்கான நிபந்தனை என்றாகிவிடுகிறது. சாமி வரம் கொடுத்தும் பூசாரி கொடுக்காத கதையாக இருக்கிறது இது. 1974-இல் அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் கல்லூரிக்குக் கேடயம் செய்து கொடுக்க உட்காரவில்லை.

கொன்ஸாகா தீர்ப்புக்கு நாலு மாதம் முன்பு, 2002 பிப்ரவரியில், இன்னொரு ஃபெர்பா வழக்கும் வந்திருந்தது. ஓக்லஹோமா மாநிலத்தின் ஒவாசோ பள்ளி மாவட்டத்தில் மாணவர்கள் ஒருவர் தாளை ஒருவர் திருத்தி மதிப்பெண்ணை வாய்விட்டுச் சொன்னது மீறலா என்பது கேள்வி. ஆசிரியர் தன் ஏட்டில் ஏற்றும் முன் அது பதிவேடு ஆகாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. வழக்குப் போடவே முடியுமா என்ற கேள்வியை அதில் முடிவு செய்யாமல் விட்டார்கள். கொன்ஸாகாவில் அந்தக் கதவு மூடப்பட்டது.

தீர்ப்புக்குப் பிறகு

கொன்ஸாகா வைத்த அளவுகோல் மாணவர் பதிவேடுகளோடு நிற்கவில்லை. மத்திய நிதியோடு சேர்ந்து வரும் எந்தச் சட்டத்தை வைத்து வழக்குப் போட்டாலும் இன்று முதலில் எடுத்து வைப்பது இந்தத் தீர்ப்பைத்தான். 2023-இல் டலேவ்ஸ்கி வழக்கில், அரசு முதியோர் இல்லத்தில் இருப்பவர்களுக்கு மத்தியச் சட்டம் தெளிவான உரிமை தருகிறது, அவர்கள் வழக்குப் போடலாம் என்று இதே அளவுகோலை வைத்தே நீதிமன்றம் சொன்னது. 2025-இல் மெடினா வழக்கில், மருத்துவ உதவித் திட்டப் பயனாளிகள் தகுதியுள்ள மருத்துவரையோ மருத்துவமனையையோ விரும்பியபடி தேர்ந்தெடுக்கும் பகுதி அந்த அளவுக்குத் தெளிவாக இல்லை என்று கதவைச் சாத்தியது.

ஃபெர்பாவைப் பொறுத்தவரை, மீறல் நடந்தால் மாணவருக்கு மத்திய அளவில் மிஞ்சியிருப்பது கல்வித் துறையின் மாணவர் தனியுரிமை அலுவலகத்தில் புகார் செய்வதுதான். விஷயம் தெரியவந்த நாளிலிருந்து, அல்லது தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து, 180 நாளுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். நிதியை நிறுத்துவது கடைசி ஆயுதம். கல்லூரி தானாகச் சரிசெய்ய வழியே இல்லை என்றால்தான் அதை எடுக்கலாம் என்று சட்டமே சொல்கிறது. அதனால் நடைமுறையில் புகார் ஜெயித்தால் கல்லூரி தன் வழக்கத்தைத் திருத்திக்கொள்ளும். மாணவர் கைக்கு ஒரு டாலரும் வராது.

மாநிலச் சட்டத்தின் கதை வேறு. அவதூறு, தனியுரிமை மீறல், ஒப்பந்த மீறல் என்று ஜான் டோ போட்ட வகை வழக்குகளை கொன்ஸாகா தீர்ப்பு தொடவில்லை. கல்லூரி தன் மாணவர் கையேட்டில் 'பதிவேடுகளைப் பாதுகாப்போம்' என்று எழுதியிருந்தால் அந்த வாக்குறுதிக்கு எடை உண்டா என்பது அந்தந்த மாநில நீதிமன்றம் பார்ப்பது. பாதிக்கப்பட்ட மாணவர் வழக்கறிஞரிடம் போனால் முதலில் கேட்க வேண்டியது இதைப் பற்றித்தான்.

சம்மதம் தேவைப்படாத இடங்களும் நிறைய. கல்லூரிக்குள் கல்விக் காரணம் உள்ள ஊழியர், மாணவர் மாறிப்போகும் வேறு கல்லூரி, நிதி உதவி, நீதிமன்ற உத்தரவு, அவசர ஆபத்து. 2007 ஏப்ரலில் வர்ஜீனியா டெக்கில் 32 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, மாணவரைப் பற்றிய கவலைகளைக் கல்லூரிப் பிரிவுகள் ஃபெர்பாவுக்குப் பயந்து ஒன்றோடொன்று பேசாமல் இருந்தன என்பது பெரிய விவாதமாயிற்று. 2008 டிசம்பரில் விதியைத் திருத்தி, தெளிவாக எடுத்துச் சொல்லக்கூடிய, கணிசமான ஆபத்து இருந்தால் தகவல் சொல்லலாம் என்று கல்லூரிகளுக்கு இடம் கொடுத்தார்கள். அது சரியான திருத்தம். பயத்தால் வாயை மூடிக்கொள்வது யாருக்கும் பாதுகாப்பு அல்ல.

'விவரப் பட்டியல் தகவல்' என்று இன்னொரு வகை உண்டு. பெயர், முகவரி, போன் எண், மின்னஞ்சல், பிறந்த தேதி, பாடப் பிரிவு, படித்த காலம், பெற்ற பட்டம் இதெல்லாம். கல்லூரி எதையெல்லாம் இந்த வகையில் வைத்திருக்கிறது என்று அறிவித்துவிட்டு, மாணவர் மறுப்புச் சொல்லாவிட்டால் யாருக்கு வேண்டுமானாலும் தரலாம். மறுப்புச் சொல்ல ஒரு படிவம் பதிவாளர் அலுவலகத்தில் இருக்கும். முதல் வாரக் கூட்ட நெரிசலில் யாரும் அதைக் கவனிப்பதில்லை. யாராவது பின்தொடர்ந்து தொல்லை கொடுக்கிறார்கள் என்றால் முதலில் போட வேண்டியது அந்தப் படிவத்தைத்தான்.

வெளிநாட்டிலிருந்து போய்ப் படிப்பவர்களுக்கு இரண்டு விஷயம் தனியாக உண்டு. அமெரிக்க வரிச் சட்டப்படி பெற்றோரைச் சார்ந்திருக்கும் மாணவர் என்றால் பெற்றோரிடம் கல்லூரி தகவல் சொல்லலாம் (சொல்லியே ஆக வேண்டும் என்பதில்லை). பெற்றோர் அங்கே வரிக்கணக்கே தாக்கல் செய்யாதபோது அந்த வழி பொதுவாக உதவாது. பிள்ளை சம்மதப் படிவம் கொடுத்தால்தான் பதில் வரும். அதனால் போனில் பேசும் ஊழியரிடம் கோபப்பட்டுப் பயனில்லை. இரண்டாவது, எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவரின் பதிவு நிலை, முகவரி போன்ற விவரங்களைக் கல்லூரி குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த அளவுக்கு ஃபெர்பா அங்கே ஒதுங்கிக்கொள்கிறது.

கோப்பைக் கேட்பது எப்படி

இத்தனைக்குப் பிறகும், 45 நாள் உரிமையை நான் சின்னதாக நினைக்கவில்லை. அதைப் பயன்படுத்த வழக்கறிஞரும் வேண்டாம், நீதிபதியும் வேண்டாம். பதிவாளருக்கு ஒரு கடிதம் போதும். ஆனால் 'என் கோப்பைக் காட்டுங்கள்' என்று மொட்டையாக எழுதினால் மதிப்பெண் பட்டியல்தான் வரும். துறை அலுவலகம், டீன் அலுவலகம், ஒழுங்கு நடவடிக்கைப் பிரிவு, வேலைவாய்ப்புப் பிரிவு, தொழில் சான்றிதழ் வேலை பார்க்கும் இடம் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். என்னைப் பற்றிய மின்னஞ்சல்களும் வேண்டும் என்று எழுத வேண்டும். தேதி போட வேண்டும், நகல் வைத்துக்கொள்ள வேண்டும். பார்க்கும் உரிமை இருப்பதால் நகலும் கட்டாயம் தருவார்கள் என்று எடுத்துக்கொள்ள முடியாது. நேரில் போய்ப் பார்க்க முடியாத தூரத்தில் இருந்தால், நகலோ வேறு ஏற்பாடோ செய்து கொடுக்க வேண்டும். பரிந்துரைக் கடிதங்களைப் பார்க்கும் உரிமையை விண்ணப்பம் போடும்போதே விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டிருந்தால் அவை மட்டும் கிடைக்காது. திருத்தம் கேட்பதற்கும் ஓர் எல்லை உண்டு. பேராசிரியர் 'பி' போட்டது நியாயமா என்று இதன்கீழ் சண்டை போட முடியாது. அவர் 'பி' போட்டதை அலுவலகம் 'சி' என்று ஏற்றியிருந்தால் திருத்தச் சொல்லலாம்.

அப்புறம், பெரும்பாலான மாணவர்கள் கேட்காமல் விடும் ஒன்று: வெளியீட்டுப் பதிவு. மாணவரின் பதிவேட்டிலிருந்து யார் யார் தகவல் கேட்டார்கள், யாருக்குக் கொடுக்கப்பட்டது, என்ன காரணம் சொன்னார்கள் என்று கல்லூரி குறித்து வைத்தாக வேண்டும். உள் ஊழியர்கள், மாணவர் தானே சம்மதம் கொடுத்த இடங்கள், விவரப் பட்டியல் தகவல் கேட்டவர்கள் போன்ற சில வகைகள் தவிர மற்றதெல்லாம் அதில் இருக்க வேண்டும். பதிவேடு இருக்கும் வரை அந்தக் குறிப்பும் கூடவே இருக்க வேண்டும், அதைப் பார்க்கும் உரிமையும் மாணவருக்கு உண்டு. ஆசிரியர், செவிலியர், வழக்கறிஞர் என்று அரசுச் சான்றிதழ் தேவைப்படும் படிப்பில் இருப்பவர்கள் கடைசிப் பருவம் தொடங்கும்போதே அதைக் கேட்டுப் பார்ப்பது நல்லது. ஒரு மாநில அமைப்பின் பெயர் காரணமில்லாமல் அதில் இருந்தால், பிரமாணப் பத்திரம் கேட்டு டீன் அறைக்குப் போகும் முன்பே கேள்வி கேட்க நேரம் இருக்கும். விஷயம் அதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டியதாக இல்லாவிட்டால், 180 நாள் கணக்கும் அதைப் பார்த்த நாளிலிருந்துதான் ஓடத் தொடங்கும்.